பான்கேக் பாட்டுக்கு ஓட்டுப் போட்டது யார்?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பனித்துறையில் மதியச் சாப்பாட்டுக்கான வாக்கெடுப்பு நடந்தது. கம்பங்கூழையும் முளைக்கீரையையும் ஆதரித்து மூன்று பேர் பேசினார்கள். இதயத்தின் நலம், குடலின் நலம், முன்னோர்களின் ஆயுள் என்று அருமையான பேச்சு. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு முந்நூற்று நாற்பது பேரும் வரிசையாக வந்து, இடது மணிக்கட்டைக் கதவருகே இருந்த கண்ணாடித் தகட்டில் ஒரு நொடி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். முடிவு, முட்டை பரோட்டா. அதற்கு முந்தைய இருநூற்றுப் பன்னிரண்டு திங்கட்கிழமைகளிலும் அதேதான். கூழுக்காகப் பேசிய மூவரில் இருவர் மதியம் இரண்டாவது முறை சால்னா வாங்கினார்கள். யாரும் அதைக் கேலி செய்யவில்லை. வாய் வேறு, நாடி வேறு என்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

பனித்துறை என்பது வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ என்ற துணைக்கோளில், பனிக்கு அடியில் குடைந்த ஊர். பனியை வெட்டி, உருக்கி, சூரிய மண்டலத்தின் எல்லைக்குப் போகும் கப்பல்களுக்குத் தண்ணீர் நிரப்புவதுதான் அங்கே தொழில். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு கருவி உண்டு. அதற்கு நாடிமணி என்று பெயர். ஒரு பெயரைக் கேட்டதும் உடம்பு எப்படித் துள்ளுகிறது, இரத்தம் எப்படி ஓடுகிறது, தோல் எங்கே சிலிர்க்கிறது என்று பார்த்து, அந்த ஆள் உண்மையில் எதை விரும்புகிறார் என்பதை அது சொல்லிவிடும். ஊரில் எந்த முடிவும் அதை வைத்துத்தான். இந்த முறைக்கு மெய்வாக்கு என்று பெயர். முதலில் வந்து குடியேறியவர்கள் கையைத் தூக்கி வாக்களித்துப் பார்த்தார்கள். மூன்று தேர்தல் நடந்தது. மூன்றாவது தேர்தலில் தோற்ற கட்சி காற்று வடிகட்டி அறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாருடைய கையையும் யாரும் நம்புவதில்லை என்று முடிவானது.

அந்தத் திங்கட்கிழமை பரோட்டாவை யாரும் ரசித்துச் சாப்பிடவில்லை. எட்டு வாரங்களாகவே ஊர் ஒரு நிலையில் இல்லை. காரணம், மேவ் டெலோரி வந்துகொண்டிருந்தார்.

மேவ் டெலோரி ஒரு பாடகி. கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். 'ஃப்ரோசன் ஃபெர்ரி' என்ற ராக் இசைக்குழுவின் குரலும் முதல் கிதாரும் அவர்தான். குழு கலைந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நால்வரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே. பூமியில் அந்தக் குழுவை இப்போது எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்வது கடினம். பனித்துறையில் அப்படியில்லை. பனியைத் துளைக்கும் முதல் துளையாளர்கள் வந்த கப்பலில் இசைக் கிடங்கு பழுதாகி, இரண்டு வருடப் பயணம் முழுக்க இந்த ஒரே குழுவின் அறுபத்தொரு பாட்டுகள் மட்டும்தான் ஓடின. அந்தக் கப்பலில் வந்தவர்களும் சரி, அவர்கள் பெற்ற பிள்ளைகளும் சரி, வேறு குழுவைக் கேட்கச் சந்தர்ப்பம் வந்தபோதும் இதை விடவில்லை. 'ஃபெர்ரி பயணிகள் சங்கம்' என்று ஒரு ரசிகர் மன்றம். உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர்.

எழுபத்தொரு வயதில் மேவ் டெலோரி ஒரு நெடுந்தூரக் கப்பலில் இடம் கேட்டு வாங்கியிருந்தார். தொண்ணூறு ஆண்டு உறக்கப் பயணம். கப்பல் தண்ணீர் பிடிக்கக் கலிஸ்டோவில் ஆறு மணி நேரம் நிற்கும். மூன்று நாள் முன்னதாக அவரை உறக்கத்திலிருந்து எழுப்புவார்கள். எழுந்தவருடைய குரல்வளை நனைந்த காகிதம் மாதிரி இருக்கும் என்பதால், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார். 'எந்தப் பாட்டு என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்' என்று மேவ் டெலோரி எழுதியிருந்தார்.

அறுபத்தொன்றில் ஒன்று! இனி அந்தக் குரலை நேரில் கேட்க அங்கே இருக்கும் யாருக்கும் வாய்க்கப்போவதில்லை.

சங்கத்தின் தலைவி நிறைமதி. நாற்பத்தாறு வயது, நான்காம் சுரங்கத்தின் துளையாளர் தலைவி. கையுறையைக் கழற்றினால் விரல்களில் பனிக்கடித் தழும்புகள் தெரியும். அவளுடைய கட்சி 'பதினான்காம் பனிக்காலம்'. பதினான்கு நிமிடப் பாட்டு. அதில் மூன்று இடத்தில் தாளம் மாறும், ஓர் இடத்தில் தாளமே நின்றுபோகும். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் அவள் நாற்பது கட்டுரைகள் எழுதியிருந்தாள்.

செயலாளர் துவாரகனுக்கு முப்பத்தெட்டு வயது. கப்பல் போக்குவரத்துப் பிரிவில் வேலை. அவனுடைய கட்சி 'உப்புக் கடிதம்', குழுவின் முதல் இசைத்தட்டில் வந்த முரட்டுப் பாட்டு. அவனுக்கு ஒரு தனிப் பெருமை இருந்தது.

"அக்கா, என்ர தாத்தா கனடாவில, ஸ்காபரோவில பிறந்தவர். எங்கட வீட்டில இந்தக் குழுவைப் பாட்டெண்டு சொல்றேல்லை, பழக்கமெண்டுதான் சொல்றது. நீங்கள் படிச்சு ரசிக்கிறியள். எங்களுக்கு இது ரத்தத்தில இருக்கு."

"உங்க தாத்தா பிறந்த ஊருக்கும் இவங்க ஊருக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும் துவாரகா. நானும் வரைபடம் பாத்திருக்கேன்."

"கனடா கனடாதானே, அக்கா?"

இப்படி எட்டு வாரம் போனது. சுரங்கத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், குளியலறை வரிசையில் எல்லாம் பாட்டுதான் பேச்சு. ஒருவருக்கொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட தம்பதிகள் இரண்டு ஜோடி. ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. 'ஹே ஹே பான்கேக்' என்ற பாட்டை அவர்கள் குழுவின் பாட்டாகவே மதிக்கவில்லை. இரண்டு நிமிடம் பத்து நொடி. இரண்டு கைதட்டு, ஒரு காலடி, நடுவே பான்கேக்கைப் பற்றி நாலு வரி. பூமியில் கோடிக்கணக்கானவர்கள் கேட்ட ஒரே பாட்டு அதுதான். பல்பசை விளம்பரத்திலும் வந்தது. அதைப் பிடிக்கும் என்று சொல்கிறவரைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்று எழுதாத விதி உண்டு.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குச் சங்க உறுப்பினர்களின் வாக்கெடுப்பு. அதை நடத்தியவர் மெய்வாக்கு அலுவலர் இம்மானுவேல். அறுபது வயது, நாகர்கோவில் குடும்பம், ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டறியாதவர். நான்கு பாட்டுகள் மட்டும் போட்டியில் இருக்கட்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது.

"அது பற்றாது மக்கா. சட்டப்படி எல்லாப் பேரையும் வாசிக்கணும்," என்றார் அவர்.

அறுபத்தொரு பெயர்களையும் ஒவ்வொன்றாக, பத்து நொடி இடைவெளி விட்டு, ரேஷன் கடைப் பட்டியல் வாசிப்பதுபோல வாசித்தார். 'ஹே ஹே பான்கேக்' வந்தபோது கூடமே சிரித்தது. துவாரகன் விசில்கூட அடித்தான். எல்லோரும் தகட்டில் மணிக்கட்டை வைத்தார்கள். முடிவு தயாரானதும் அதுவாகவே கப்பலுக்கும் போய்விடும், கூடத்துச் சுவரிலும் தோன்றும்.

சுவரில் தோன்றியது.

ஹே ஹே பான்கேக், இருநூற்று மூன்று. மற்ற அறுபது பாட்டுகளும் சேர்ந்து, பதினொன்று.

 ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள்.

"மெஷின் பழுது!"

"மெஷின் பழுதில்ல," என்றார் இம்மானுவேல், கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு. "நேத்து பரோட்டா சரியாத்தானே சொல்லிச்சு?"

"ஆர் போட்டது? ஆர் இந்த விசர்ப் பாட்டுக்குப் போட்டது?" துவாரகன் நாற்காலி மேல் ஏறி நின்றான். "நான் போடேல்லை. நான் அந்தப் பதினொண்டுக்க நிக்கிறன்!"

"நானும் பதினொன்னுலதான்," என்றாள் ஒருத்தி. "நானும்," என்றார் அவள் கணவர். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் பதினொரு பேரில் தானும் ஒருவர் என்று நூற்று முப்பது பேர் சொல்லியிருந்தார்கள்.

 அவரவர் வாக்கு அவரவர் மணிக்கட்டில் மட்டும், தோலின் மீது மெல்லிய நீல எழுத்தாக ஒரு நிமிடம் தெரியும். நிறைமதி சட்டைக் கையை விலக்கிப் பார்த்திருந்தாள். 'ஹே ஹே பான்கேக். உறுதி, தொண்ணூற்றேழு விழுக்காடு.'

நாற்பது கட்டுரைகள் எழுதிய கை அது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நான்காம் சுரங்கம் இடிந்தது. அவளோடு சேர்த்து ஆறு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். உடையின் சூடு குறைந்துகொண்டே வந்தது. தூங்கினால் எழுந்திருக்க முடியாது. தலைவி என்ற முறையில் அவள்தான் பாட ஆரம்பித்தாள். 'பதினான்காம் பனிக்காலம்' பாடினாள். தாளம் நின்றுபோகும் அந்த இடத்தில் இரண்டு பேருக்குக் கண் சொருகியது. அப்போது சல்மா என்ற புதிய துளையாளர், "அக்கா, மன்னிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டுத் தட்டி, ஒரு காலை ஓங்கி மிதித்தாள். ஹே ஹே. ஆறு பேரும் தட்டினார்கள். தட்டத் தட்ட விரலில் இரத்த ஓட்டம் திரும்பியது. பசியில் பான்கேக்கைப் பற்றிப் பாடுவது சிரிப்பாக வந்தது. சிரித்தபோது மூச்சு சூடானது. பதினொரு மணி நேரத்தில் முந்நூறு தடவைக்கு மேல் பாடியிருப்பார்கள். ஆறு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

வெளியே வந்த பிறகு, உள்ளே என்ன பாடினோம் என்று ஆறு பேரில் ஒருவரும் வெளியில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. அவரவருக்கே தோன்றியது.

அன்று பிற்பகலே சங்கத்தின் செயற்குழு கூடியது.

"கனிமீட்காரர் நேரடி ஒலிபரப்பில கேக்கப்போயினம்," என்றான் துவாரகன். கனிமீட் பக்கத்துத் துணைக்கோள். அங்கேயும் ஒரு ரசிகர் மன்றம் இருந்தது. கப்பல் அங்கே நிற்காததில் அவர்களுக்கு ஏற்கெனவே எரிச்சல். "பான்கேக் பாட்டைக் கேட்டெண்டால் அவையள் எங்களை வைச்சு வருசக் கணக்காச் சிரிப்பினம். அக்கா, இதை மாத்தோணும். உங்கட பாட்டே வரட்டும், பரவாயில்லை. 'உப்புக் கடித'த்தை நான் விட்டுக் குடுக்கிறன்."

அவன் கண் கலங்கியிருந்தது. எட்டு வாரம் விடாதவன் விட்டுக்கொடுக்கிறான். நிறைமதிக்கு அது மனதைத் தொட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சுற்றிலும் பன்னிரண்டு முகங்கள், அவளுடைய கட்டுரைகளைப் படித்து வளர்ந்த முகங்கள்.

"இம்மானுவேல் அண்ணாச்சிகிட்டப் பேசுறேன்," என்றாள்.

கையைத் தூக்கி மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அவள் கேட்டதும், அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கையத் தூக்கியா? முப்பது வருசமா இங்க யாரும் கையத் தூக்கல, தெரியும்லா?"

"பொழுதுபோக்கு விஷயத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம்னு சட்டத்துல இருக்கு அண்ணாச்சி. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இருக்கு. இல்லேன்னு சொல்லல." அவர் அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தார். அது விரல்நுனி வரை இழுத்து விடப்பட்டிருந்தது. "ஒண்ணு கேக்கட்டா? உனக்கு என்ன பாட்டு கேக்கணும்?"

"அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சத நான் கேக்கல மக்கா."

அவள் அனுமதித் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். "இது நல்லதுக்கில்ல, கேட்டியா? ஒரு தடவைதான். பழகிரப்படாது."

புதன்கிழமை காலை, பனித்துறையில் முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கையைத் தூக்கி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எப்படித் தூக்குவது என்பதே பலருக்குத் தெரியவில்லை. வலது கையா, இடது கையா என்று கேட்டார்கள். நிறைமதி பேசினாள். கலை என்றால் என்ன, காலத்தைத் தாண்டி நிற்பது எது என்று பேசினாள். அவளுக்கே அது அழகாகப் பட்டது. 'பதினான்காம் பனிக்காலம்' என்று இம்மானுவேல் வாசித்ததும், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு கை எழுந்தது. பத்து எழுந்தன. பிறகு இருநூற்றுப் பதினான்கும்.

அந்தக் காட்சி உடம்பை அதிரவைத்தது! ஒரே பாட்டுக்கு ஊரே கையுயர்த்தி நிற்கிறது. யாரோ அழுதார்கள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு தம்பதிகளும் அந்த நிமிடமே சேர்ந்துவிட்டார்கள். நாடிமணி வாக்கெடுப்புகளில் இப்படி ஒரு கொண்டாட்டத்தை யாரும் கண்டதில்லை. 'முந்தைய முடிவு தவறு. சரியான முடிவு இதோ' என்று துவாரகன் கப்பலுக்குச் செய்தி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கப்பல் துறையில் பொருந்தியது. மேவ் டெலோரி இறங்கினார். படங்களில் பார்த்ததைவிடக் குள்ளமான பெண்மணி. நரைத்த முடியை மீன் வலை முடிவதுபோல முடிந்திருந்தார். கலிஸ்டோவின் குறைந்த ஈர்ப்பில் முதல் அடியிலேயே ஒரு முழம் எழும்பி, விழாமல் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே கூடம் ஆர்ப்பரித்தது. எல்லோர் காதிலும் பெயர்ப்பி இருந்தது. அவர் பேசுவதை அது உடனுக்குடன் தமிழாக்கும், இவர்கள் பேசுவதை அவருக்கு ஆங்கிலமாக்கும். பழைய செய்திவாசிப்புப் பதிவுகளைக் கேட்டுத் தமிழ் கற்ற கருவி என்பதால், கனடாவின் மீன்பிடி ஊர்ப் பேச்சு எல்லாம் அவர்கள் காதில் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

"அனைவருக்கும் வணக்கம். தாங்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 'பதினான்காம் பனிக்காலம்' எனும் பாடலை இப்போது வழங்கவிருக்கிறேன்."

பாடினார். குரல் மெலிந்திருந்தாலும் அதே குரல். நிறைமதிக்கு முதுகுத்தண்டில் சிலிர்த்தது. நாலு நிமிடம் சிலிர்த்தது. பிறகு பாட்டு நீண்டது. முன்வரிசையில் எல்லோரும் கண்ணை மூடி, தலையை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தார்கள். துவாரகன் ஒலிபரப்புக் கருவிக்கு நேராக உட்கார்ந்து கண்ணீரைத் துடைத்தான். பத்தாவது நிமிடத்தில் மேவ் டெலோரி மூன்றாம் சரணத்தை மறந்துவிட்டு, இரண்டாம் சரணத்தையே திரும்பப் பாடினார். நிறைமதி திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தலையும் நிமிரவில்லை. அசைந்துகொண்டேதான் இருந்தன.

பாட்டு முடிந்ததும் கூரை அதிரக் கைதட்டினார்கள். கனிமீட்டிலிருந்து, 'உங்கள் ரசனைக்குத் தலை வணங்குகிறோம்' என்று செய்தி வந்தது. துவாரகன் அதை மூன்று முறை உரக்கப் படித்தான். ஒலிபரப்பு முடிந்தது.

கப்பல் கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. கூடத்திலிருந்து கப்பல்துறைக்கு இருநூறு மீட்டர் நீளமான நடைவழி. இரண்டு பக்கமும் மக்கள் வழியனுப்ப வரிசையாக நின்றார்கள். மேவ் டெலோரி முன்னே நடந்தார். கிதார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிறைமதி பக்கத்தில் நடந்தாள். பேச வாய்ப்பு இதுதான். நாற்பது கட்டுரைகளில் எதைச் சொல்வது என்று யோசித்தாள்.

மேவ் டெலோரியே பேசினார். குரல் கரகரத்துவிட்டது. பெயர்ப்பி மட்டும் தெளிவாகச் சொன்னது.

"ஒரு தகவலைத் தங்களிடம் பகிர விரும்புகிறேன். உறக்கத்திலிருந்து விழித்ததும் நான் கண்ட முதல் செய்தி, தாங்கள் அனுப்பிய முந்தைய முடிவு. 'ஹே ஹே பான்கேக்'. நான் படுக்கையில் எழுந்து அமர்ந்து நடனமாடினேன். மருத்துவர் கண்டித்தார்."

நிறைமதியின் நடை தடுமாறியது. "அது... உங்களுக்குப் பிடிக்குமா, அம்மா?"

"அப்பாடலை நாங்கள் நால்வரும் ஒரு மதியவேளையில், உணவு வருவதற்குக் காத்திருந்தபோது எழுதினோம். அன்று முழுவதும் சிரித்தோம். 'பதினான்காம் பனிக்கால'த்தை எழுத இரண்டு ஆண்டுகள் ஆயின. அது முடிந்தபோது எங்களில் ஒருவரும் மற்றவருடன் பேசும் நிலையில் இல்லை." அவர் நின்றார். "நாற்பது ஆண்டுகளாக மக்கள் அந்தப் பான்கேக் பாடலை வாங்கிக்கொண்டேயிருக்கிறார்கள். ஆயினும், அது பிடிக்கும் என்று ஒருவர்கூட என் முகத்துக்கு நேராகக் கூறியதில்லை. இங்காவது உண்மையான ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். மறுநாளே தவறு என்று செய்தி வந்துவிட்டது."

"தப்பு இல்ல," என்றாள் நிறைமதி. "ரெண்டாவதாத்தான் தப்பா அனுப்பினோம்."

 ஆரம்பித்துவிட்டாள். நான்காம் சுரங்கத்தைச் சொன்னாள். சூடு குறைந்ததை, கண்கள் சொருகியதை, இரண்டு தட்டும் ஒரு மிதியும் முந்நூறு தடவை விடாமல் தொடர்ந்ததைச் சொன்னாள். கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினாள். "நாப்பது கட்டுரை எழுதியிருக்கேன்மா. இத மட்டும் எழுதல."

மேவ் டெலோரி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார். நடைவழியில் நின்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போது என்னால் பாட இயலாது. குரல் முடிந்துவிட்டது," என்றது பெயர்ப்பி. "தாங்கள் பாடுங்கள்."

"இங்கயா? எல்லார் முன்னாலயுமா?"

"எனக்கு இருபது நிமிடங்கள் உள்ளன."

நிறைமதி கிதார்ப் பெட்டியைக் கீழே வைத்தாள். இருநூறு பேர் பார்க்கிறார்கள். காது மடல் சுட்டது. இரண்டு கைகளையும் தூக்கினாள். தட்டினாள். தட்டினாள். காலை மிதித்தாள். பனிச்சுவர் அந்த ஓசையைத் திருப்பி அனுப்பியது. அவளுடைய ஒற்றைக் குரல், ஹே ஹே என்று, கீச்சென்று எழுந்தது.

ஒரு கணம் அது மட்டும்தான். பிறகு வரிசையின் நடுவிலிருந்து தட்டு, தட்டு, மிதி. சல்மா! அவளுக்கு எதிரே, அன்றைக்குச் சுரங்கத்தில் இருந்த இன்னொருவர். அடுத்து அவர் மனைவி. பிறகு யார் யாரென்று பார்க்க நேரமில்லை. நடைவழி முழுக்க நானூறு கைகள் ஒன்றாகத் தட்டின, இருநூறு கால்கள் ஒன்றாக மிதித்தன. கலிஸ்டோவின் ஈர்ப்பில் ஓங்கி மிதித்தவர்கள் எல்லாம் ஒரு முழம் மேலே எழும்பி இறங்கினார்கள். பான்கேக்! ஒருவருக்கும் ஒரு வார்த்தை தப்பவில்லை. ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். இம்மானுவேல் வார்த்தை தெரியாமல் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். துவாரகன் மூன்றாவது சுற்றுவரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். நான்காவதில் அவன் போட்ட கூச்சலில் நடைவழி விளக்குகள் நடுங்கின.

மேவ் டெலோரி பெயர்ப்பியைக் காதிலிருந்து கழற்றிவிட்டார். பிறந்து நாற்பத்தைந்து வருடமான பாட்டு அவருக்கு முன்னால் புதிதாகக் குதித்துக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். கப்பல் கதவு மூடும்வரை கைதட்டிக்கொண்டேதான் பின்னால் நடந்து போனார்.

மறுநாள் பனித்துறையில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசக் கூடாது என்றில்லை. பேச வேறு விஷயம் இருந்தது. கனிமீட்டின் பாராட்டுச் செய்தியைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். சங்கத்தின் குறிப்பேட்டில், 'ஊர் முழுவதும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த பதினான்காம் பனிக்காலம் பாடப்பட்டது. விருந்தினர் மகிழ்ச்சியுடன் விடைபெற்றார்' என்று துவாரகன் எழுதினான். அது என்ன மகிழ்ச்சி என்று எழுதவில்லை. நிறைமதி படித்துப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டாள்.

அடுத்த வாரம், ஐம்பது பேர் சேர்ந்து இம்மானுவேலிடம் ஒரு மனு கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஊர்த் தலைவர் தேர்வு வருகிறது. அதையும் கையைத் தூக்கி நடத்த வேண்டும்.

இம்மானுவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மக்கா? மெய்வாக்குல வந்த தலைவர்க எல்லாரும் ஒழுங்காத்தானே பாத்துக்கிட்டாவ? காத்து வருது, தண்ணி வருது. என்ன கொறை?"

"குறை ஒண்டும் இல்லை," என்றான் துவாரகன். "ஆனா அண்ணாச்சி, அந்த மெஷின்ல நாங்கள் எப்பிடிப்பட்ட ஆக்களெண்டு தெரிஞ்சு போகுது. கையைத் தூக்கினால் எப்பிடிப்பட்ட ஆக்களா இருக்கோணுமெண்டு விரும்புறமோ, அப்பிடித் தெரியிறம். அண்டைக்குக் கூடத்தில பாத்தியள்தானே, எவ்வளவு வடிவா இருந்தது!"

கூட இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். அவர்களில் நிறைமதியும் இருந்தாள். மனுவில் ஊரில் இருநூற்றுத் தொண்ணூறு பேரின் கையெழுத்து இருந்தது. மறுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

பழைய பூமியில் இதையெல்லாம் எப்படி நடத்தினார்கள், என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று அவர் ஆவணக் கிடங்கில் தேட உட்கார்ந்தார். இரண்டு நாள் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. கிடங்கைத் திறந்து பார்த்தவர் அவர் மட்டுமில்லை என்பது மூன்றாம் நாள் காலைதான் தெரிந்தது. கூடத்தின் வாசலில், காற்று வரும் துவாரத்தை முழுதாக மறைத்துக்கொண்டு, பதினைந்து அடி உயரத்தில் ஒரு பேனர் நின்றது. அதில் துவாரகன் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், மேகத்துக்கு நடுவே, மேவ் டெலோரி அவனை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.